சோதிக்க முடிந்ததை மட்டும் செய்தல்: மட்டக்குளி வீட்டுப் பட்டறையில் கட்டப்பட்ட காட்டுப்பாதை வாகனம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரிய வாகனம், 88 அங்குல அச்சிடைத் தூரம் கொண்ட மூன்றாம் சீரிஸ் லாண்ட் ரோவர் ஒன்றின் செசியை (அடிச்சட்டத்தை) அடிப்படையாகக் கொண்டு, கொழும்பு 15, மட்டக்குளியில் ஒரு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் மீளக் கட்டப்பட்டது. உரிமையாளர் என் மைத்துனர். லேத் வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவர். அளவெடுப்பு, கணக்கு, சோதனை ஆகியவை என் பொறுப்பில் இருந்தன. வன்னியில் குடும்பத்துக்கு உள்ள வயலுக்கு மாரி காலத்திலும் போய்வரக்கூடிய ஒரு வாகனம் தேவைப்பட்டது. குளக்கட்டின் ஓரமாகப் போகும் அந்தப் பாதை ஐப்பசிக்குப் பின் சில்லைப் பாதிவரை விழுங்கும் சேறாகிவிடும்.

புதிதாக ஒன்றை வாங்கும் வழி அப்போது இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த பழைய ஜீப்புகளின் விலையும் ஏறிக்கொண்டே போனது. துருப்பிடித்துக் கிடந்த ஒரு லாண்ட் ரோவரை வாங்கி, அதற்குள் வேறொரு வாகனத்தைக் கட்டுவது என்ற முடிவு அந்த நெருக்கடியில் பிறந்தது.

வீட்டுப் பட்டறையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் கையில் உள்ள கருவிகளை எண்ணிப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். நாங்கள் செய்து முடித்த பொருளை எங்களால் சோதிக்க முடியுமா என்று கேட்டோம். அளந்தோ, வெட்டிப் பார்த்தோ, சாயம் பூசியோ, அழுத்தம் கொடுத்தோ சோதிக்கக்கூடியதை நாங்களே செய்தோம்; அப்படிச் சோதிக்க முடியாத, உடைந்தால் உயிர் போகக்கூடிய பாகத்தைத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதாக மட்டுமே வாங்கினோம். இந்த ஒரு கோடு வாகனத்தின் ஒவ்வொரு பாகத்திலும் எப்படி வேலை செய்தது என்பதைப் பதிவு செய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

செசியின் அளவும் அதன் இலக்கமும்

முதல் வேலை கழற்றுவதோடு முடியவில்லை. செசியை நான்கு இரும்புத் தாங்கிகளில் ஏற்றி மட்டம் பிடிக்க வேண்டியிருந்தது. கொட்டகையின் சீமெந்துத் தரை மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டது. ஆகவே தரையிலிருந்து அளந்தால் எந்த அளவும் பொய்யாகும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் மட்டக் குழாயை எடுத்து, நான்கு தாங்கிகளின் தலைகளையும் ஒரே மட்டத்துக்குத் தகடு வைத்து உயர்த்தினோம். பின்னர் ஒவ்வொரு ஸ்பிரிங் துளையிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, அந்தப் புள்ளிகளுக்கு இடையிலான மூலைவிட்டங்களை இருவர் நாடா பிடித்து அளந்தோம்.

இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். எங்கள் செசியில் அவை கண்ணுக்குத் தெரியாத, ஆனால் நாடாவுக்குத் தெளிவாகத் தெரிந்த அளவில் வேறுபட்டன. காரணம், முன் இடது முனை என்றோ ஒரு மோதலில் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. அந்த முனையைச் சூடாக்கி இழுத்து நேராக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒருமுறை மடிந்து நிமிர்ந்த 2 மில்லிமீற்றர்த் தகட்டின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. எனவே அதை வெட்டி அகற்றி, வலது முனையை அளவுகோலாகக் கொண்டு புதிய முனையைப் பொருத்தினோம்.

வெட்டியது இடது முனை என்பது எங்கள் நல்ல காலம். இந்த வகை லாண்ட் ரோவரில் செசி இலக்கம், முன் வலது ஸ்பிரிங்கைப் பிடிக்கும் முனையில்தான் குத்தப்பட்டிருக்கிறது. அந்த இரும்பு போனால் வாகனத்தின் அடையாளமே போய்விடும். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். குறியீடு வந்தபோது, பதிவுசெய்வதற்கு வாகன இலக்கத்தோடு செசி இலக்கமும் கேட்கப்பட்டதும், அதுவரை அந்த இலக்கத்தைத் தேடியே பார்த்திராத பலர் பெற்றோல் நிலைய வரிசையில் நின்றபடி வாகனத்தின் அடியில் தலையை விட்டுத் துரு சுரண்டியதும் கொழும்பில் எல்லோரும் கண்ட காட்சி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வாகனம் ஒன்றை மீளக் கட்டுகிறவர், வேலை தொடங்கும் முன்னரே அந்த இலக்கத்தைச் சுத்தம் செய்து, படம் பிடித்து, அதன் மேல் கிறீஸ் பூசி மூடிவைப்பது அவசியம். அரைக்கும் கல் அதன் அருகில் போகக்கூடாது.

ஒட்டு வேலை

இந்த செசி, நான்கு தகடுகளை மூலைகளில் ஒட்டிச் செய்த பெட்டி வடிவம் கொண்டது. பெட்டிக்குள் தேங்கும் ஈரமும் சேறும் உள்ளிருந்தே அதை அரிக்கும். மட்டக்குளி போன்ற, களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள ஊரில், உப்புக் காற்று அந்த வேலையை விரைவுபடுத்தும். சிறிய சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனால், நல்ல தகடு மணியோசை தரும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடங்களைக் கூர் ஊசியால் குத்திப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம்.

முன்பு யாரோ ஒரு கராஜில், துருவின் மேலேயே தடித்த தகடுகளைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். பார்வைக்கு அது பலமாகத் தோன்றும். ஆனால் மெல்லிய தகட்டின் மேல் இரட்டிப்புத் தடிப்புள்ள தகட்டை ஒட்டும்போது, வளைவு முழுவதும் அந்தத் தகடு முடியும் ஓரத்தில் வந்து குவிகிறது. அந்த ஓரமும் செசிக்குக் குறுக்காகச் செங்குத்தாக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அந்தத் தகடுகளை அகற்றி, அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதே தடிப்புள்ள தகட்டைச் சாய்ந்த ஓரங்களோடு பொருத்தினோம். இதற்குப் பல மடங்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தைக் கொடுக்க முடியாதவர் பழைய செசியில் கை வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டு மின்சாரத்தைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. ஒற்றைக் கட்ட 230 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பில் 200 ஆம்பியர் இன்வேர்ட்டர் வெல்டிங் இயந்திரத்தை முழு வலுவில் ஓட்ட முடியாதுதான். ஆனால் 2 மில்லிமீற்றர்த் தகட்டுக்கு 60 முதல் 100 ஆம்பியர் போதும்; 100 ஆம்பியரில் ஒட்டும்போது இயந்திரம் சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 18 ஆம்பியர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி தவிர மற்றவற்றை நிறுத்திவிட்டு, பகல் நேரத்தில் வேலை செய்தோம். மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது ஒட்டு ஆழமாகப் பிடிப்பதில்லை. நெருக்கமான ஒழுங்கையில் அரைக்கும் சத்தத்தை அயலவர் பொறுத்துக்கொள்வதும் பகலில்தான்.

ஆழமாகப் பிடித்ததா என்பதுதான் ஒட்டு வேலையின் உயிர்நாடி. கிராண்ட்பாஸில் பல காலம் லொறி செசி ஒட்டிய ஒரு பாஸ் (கைதேர்ந்த தொழிலாளி) எங்களுக்கு உதவ வந்தார். என் மைத்துனர் ஒட்டிய முதல் மாதிரித் துண்டை அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேலால வடிவா இருக்கு தம்பி, உள்ளுக்குப் புடிக்கல்ல” என்றார். “எப்பிடிச் சொல்றீங்க பாஸ்?” என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, துண்டைக் குறட்டில் இறுக்கிச் சுத்தியலால் மடக்கினார். ஒட்டு நீளவாக்கில் திறந்துகொண்டது. பின்பக்கத்தில் தகடுகளின் வெட்டிய ஓரங்கள் உருகாமல் அப்படியே நேராக நின்றன.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் செசியைத் தொடும் முன், அதே தகட்டில், அதே நிலையில், அதே ஆம்பியரில் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, மடக்கி உடைக்கப் பார்ப்பது ஒழுங்காயிற்று. செங்குத்தாக ஒட்டப்போகிறோம் என்றால் மாதிரியும் செங்குத்தாகவே ஒட்டப்படும். சில துண்டுகளைக் குறுக்கே அறுத்து, முகத்தை மிருதுவான தாளால் தேய்த்து, மின்சுற்றுப் பலகைகளை அரிக்கப் பாவிக்கும் பெரிக் குளோரைட்டைத் துடைத்தால், உருகிய பகுதியின் எல்லை கரிய கோடாகத் தெரியும். கோடு தகட்டின் அடிவரை போயிருக்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கலாம். செலவு மிகக் குறைவு; வீட்டுப் பட்டறைக்கு இதைவிட நேர்மையான சோதனை வேறில்லை.

குறைந்த ஐதரசன் கொண்ட 7018 ரொட்டை (ஒட்டும் குச்சியை) பாவிக்கச் சொல்லும் ஆலோசனைகளை நாங்கள் ஏற்கவில்லை. ரொட் நல்லதுதான். ஆனால் திறந்த பெட்டியை உலர் அடுப்பில் வைக்காவிட்டால், கொழும்பின் ஈரக்காற்றில் அதன் பூச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு அந்த ரொட்டின் சிறப்பே இல்லாமல் போகும். மெல்லிய தகட்டுக்குக் காபனீரொட்சைட்டுக் கலவை வாயுவோடு 0.8 மில்லிமீற்றர்க் கம்பி போடும் மிக் வெல்டிங்கே பொருந்தியது. கடற்காற்று வாயுவைக் கலைக்காதபடி கொட்டகையின் மேற்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்தோம்.

எஞ்சினும் பற்சக்கர விகிதமும்

பழைய பெற்றோல் எஞ்சின் பயன்படாத நிலையில் இருந்தது. பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய, 2446 கன சென்டிமீற்றர் கொண்ட டொயோட்டா 2எல் டீசல் எஞ்சின் அதன் இடத்துக்கு வந்தது. அதன் முறுக்குவிசை பழைய கியர்ப்பெட்டி சுமந்து பழகியதற்கு நெருக்கமானது என்பதே தெரிவுக்குக் காரணம். டர்போ பூட்டிய எஞ்சினை அதே விலைக்குத் தரக் கடைக்காரர் தயாராக இருந்தார். சீரிஸ் கியர்ப்பெட்டி அதைத் தாங்காது என்பதால் வேண்டாம் என்றோம்.

எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் இடைத்தகட்டை மைத்துனரே லேத்தில் கடைந்தார். இது சோதிக்கக்கூடிய பாகம். எஞ்சினின் பறக்கும் சில்லில் (ஃபிளைவீலில்) நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுழற்றி, கியர்ப்பெட்டி உட்காரும் வட்டத்தின் உட்சுவரை முள் தடவிப் போகும்படி செய்தால், இரண்டு மையங்களும் எவ்வளவு விலகியுள்ளன என்பது தெரிந்துவிடும். முள் காட்டும் மொத்த அசைவின் பாதியே விலகல். 0.13 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால் கிளட்ச் அதிரும். கியர்ப்பெட்டியின் முன் பெயரிங் தேயும். போல்ட் துளைகளைச் சற்று இளக்கமாக விட்டு, தகட்டை மெல்லத் தட்டித் தட்டி முள் ஏறத்தாழ அசையாத இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான், இரண்டு இறுக்கமான ஊசிகளை அடித்து நிலைநிறுத்தினோம். அந்த ஒரு பிற்பகலில் கொட்டகையில் யாரும் பேசவில்லை.

பற்சக்கர விகிதத்தில் நீண்ட விவாதம் நடந்தது. வழக்கமான அச்சு விகிதம் 4.7; அதாவது சில்லு ஒருமுறை சுற்ற, அச்சுக்கு வரும் தண்டு 4.7 முறை சுற்ற வேண்டும். கொழும்பிலிருந்து வன்னிக்குப் போகும் நெடும்பயணத்தில், 235/85 ஆர் 16 டயரோடும் நான்காம் கியரோடும், எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுற்றும்போது வேகம் மணிக்கு 68 கிலோமீற்றர் அளவில்தான் நிற்கும். ரேஞ்ச் ரோவரின் 3.54 விகித டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரத் தொகுதி) அதே அச்சுக்குள் உட்காரும். அதைப் போட்டால் அதே சுற்றில் 90 கிலோமீற்றர் கிடைக்கும். ஆனால் தாழ்வு வரிசையில் (மெதுவாக, கூடிய இழுவையோடு ஓடுவதற்கான கியர்த் தெரிவில்) முதல் கியரின் மொத்த விகிதம் 40.6இலிருந்து 30.6 ஆக இறங்கும். சேற்றில் மெதுவாக, கிளட்சை மிதிக்காமல் ஊர்ந்து போவதற்கு அந்தக் கால்பங்கு இழப்பு பெரிது. வாகனம் கட்டப்பட்டது வயலுக்காக. தார் வீதிக்காகக் கட்டப்படவில்லை. 4.7 அப்படியே விடப்பட்டது. வீதியில் மெதுவாகப் போவதற்குப் பொறுமை போதும், சேற்றில் விகிதம் இல்லாவிட்டால் பொறுமை உதவாது என்று நான் அன்றும் வாதிட்டேன். இன்றும் அதே கருத்தில் இருக்கிறேன்.

நாங்கள் செய்யாதவை

ஸ்டியரிங்கில் ஒரு பாகத்தையும் நாங்கள் வெட்டவோ ஒட்டவோ இல்லை. ஸ்டியரிங் கைகளைச் சூடாக்கி வளைப்பதும், இணைப்புத் தண்டை அறுத்து நீட்டி ஒட்டுவதும் பல கராஜ்களில் சாதாரணமாக நடக்கிறது. உறுதிப்படுத்தப்பட்ட உருக்கைச் சிவக்கச் சூடாக்கினால் அதன் பண்பு மாறிவிடும். எவ்வளவு மாறியது என்பதை ஒரு வீட்டுப் பட்டறையில் அறியவே முடியாது. தேய்ந்த மூட்டுக்களுக்குப் புதியவை வாங்கப்பட்டன. வாகனத்தை உயர்த்துவது 50 மில்லிமீற்றருடன் நிறுத்தப்பட்டதற்கும் இதுவே ஒரு காரணம்: அதற்கு மேல் போனால் ஸ்டியரிங் தண்டும், கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சாயும் கோணங்களைச் சரிசெய்யப் புதிய பாகங்கள் செய்ய வேண்டிவரும்.

மற்றக் காரணம் கவிழும் கோணம். இந்த வாகனத்தின் சில்லிடை அகலம் 1308 மில்லிமீற்றர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 700 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பக்கவாட்டில் 43 பாகை சாயும்வரை அது கவிழாது. மையம் 775 மில்லிமீற்றருக்கு ஏறினால் 40 பாகை. ஸ்பிரிங்கின் நெகிழ்வும் டயரின் நசிவும் ஓடும் வேகமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவை சேரும்போது உண்மையான கோணம் இன்னும் வெகுவாகக் குறையும். குளக்கட்டின் சரிவில் ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கும்போது அந்த மூன்று பாகை பெரிய வித்தியாசம்.

பிரேக்கிலும் அதே ஒழுங்கு. 88 அங்குல வாகனத்தின் 10 அங்குல முன் டிரம்முக்குப் பதிலாக, 109 அங்குல வாகனத்தின் 11 அங்குல டிரம் முழுத் தொகுதியாகப் பூட்டப்பட்டது. முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாக இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் புதிதாக வாங்கப்பட்டது. குழாய்களை மட்டும் நாங்களே வளைத்து முனை விரித்தோம். ஏனெனில் அதைச் சோதிக்கலாம். இருவர் மாறிமாறிப் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்க, மூன்றாமவர் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்த்தார். தாளில் ஈரம் தெரிந்த மூட்டுக்கள் மீண்டும் வெட்டி விரிக்கப்பட்டன.

பாதுகாப்புக் கூடு

கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கூட்டைத் தண்ணீர்க் குழாயில் செய்யும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. கல்வனைசுக் குழாய் மலிவு. பழைய சோனகத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மினுக்கத்தோடு பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது தண்ணீர் கொண்டுபோவதற்காகச் செய்யப்பட்டது. அதன் நாகப் (துத்தநாகப்) பூச்சு எரியும்போது வரும் புகையை மூச்சில் எடுத்தவர் அன்றிரவு காய்ச்சலில் நடுங்குவார். பூச்சை முழுதாக அரைத்து அகற்றாவிட்டால் ஒட்டிலும் காற்றுத் துளைகள் விழும்.

எங்கள் வாகனம் போட்டிக்குப் போவதில்லை என்றாலும், சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதியை அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர்ச் சுவரும் கொண்ட, குளிர் இழுப்பில் செய்த, தையல் இல்லாத உருக்குக் குழாயை அது கேட்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கொதிகலன் வேலைக்கான ஏ 106 பி ரகத் தையலற்ற குழாய்: 48.3 மில்லிமீற்றர் விட்டம், 3.68 மில்லிமீற்றர்ச் சுவர். ஒரு மீற்றருக்கு 2.6 கிலோவுக்குப் பதிலாக 4 கிலோ. அந்த மேலதிக எடை கூரை உயரத்தில் உட்காருவதால், கூட்டின் வடிவத்தைச் சுருக்கி, முன் இருக்கைகளை மட்டும் காக்கும்படி அமைத்தோம். பின்புறத்தில் ஆட்கள் ஏற்றப்படமாட்டார்கள்.

குழாயை வளைக்கும் வேலை வெளியே கொடுக்கப்பட்டது. சோதனை எங்களிடம் இருந்தது. வளைவில் நசுங்கிய குழாயின் சிறிய விட்டம், பெரிய விட்டத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையக்கூடாது என்பது விதி. வேர்னியர் அளவுகோலை எடுத்துப் போய், குழாய்க்காரர் முன்னிலையிலேயே அளந்தோம். நசுங்கிய ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். கூட்டின் கால்கள் அலுமினியத் தளத்தில் நின்றால் கவிழும்போது தளத்தைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும் என்பதால், அவை தளத்தைத் துளைத்துச் சென்று செசியில் ஒட்டிய தாங்கிகளில் போல்ட் செய்யப்பட்டன. தலை படக்கூடிய இடங்களுக்குத் தடித்த நுரை உறை சுற்றப்பட்டது.

உடற்பகுதி, மின்னிணைப்பு, இருக்கை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அலுமினியத் தகடு இரும்பைத் தொடும் இடமெல்லாம் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், இடையில் ரப்பர்த் தகடு வைக்கப்பட்டது.

பூச்சும் பின்னர் கண்டதும்

அடிப்பாகத்துக்குக் கருந்தார்ப் பூச்சு அடிக்குமாறு பலர் வற்புறுத்தினார்கள். நாங்கள் மறுத்தோம். தடித்த கரிய பூச்சு விரிசலை மறைக்கும். அதன் பின்னால் ஈரம் புகுந்தால் அதையும் மறைக்கும். நாகம் நிறைந்த முதற்பூச்சின் மேல் மெல்லிய இளஞ்சாம்பல் நிறம் அடித்து, செசிப் பெட்டிக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சி, நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட்டோம். இளநிறத்தில் விரிசல் விழுந்தால் மயிரிழைத் துருக்கோடாக உடனே தெரியும்.

முதல் மாரி கழிந்து வாகனம் திரும்பியபோது அது தெரிந்தது. பின் வலது அதிர்வுதாங்கியைப் பிடிக்கும் புதிய தாங்கியின் கீழ் முனையில், விரல் நகத்தளவு பழுப்புக் கோடு. பூச்சைச் சுரண்டிச் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தூளும் கொண்ட ஊடுருவல் சோதனை செய்தபோது, கோடு ஒட்டின் ஓரத்திலிருந்து செசித் தகட்டுக்குள் போயிருந்தது. ஒட்டு நன்றாகவே பிடித்திருந்தது. தாங்கியின் வலுவூட்டும் தகடு, பெட்டியின் பக்கச் சுவரின் நடுவில், தகடு மிக எளிதாக அசையும் இடத்தில் முடிந்திருந்தது. விரிசலின் நுனியில் துளை போட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தி, விரிந்த பகுதியை அரைத்து மீள ஒட்டி, வலுவூட்டும் தகட்டைப் பெட்டியின் மேல் மூலை முதல் கீழ் மூலை வரை நீட்டினோம். இடது பக்கத்தில் கோடு எதுவும் இல்லாவிட்டாலும் அதே மாற்றம் செய்யப்பட்டது. கூட்டின் கால் போல்ட்டுகளில் இரண்டு சற்று இளகியிருந்தன; அவை பூட்டு நட்டுகளுக்கு மாற்றப்பட்டன.

இப்போது ஒவ்வொரு வன்னிப் பயணத்துக்குப் பிறகும் அடிப்பாகம் நல்ல தண்ணீரால் கழுவப்பட்டு, காய்ந்ததும் கைவிளக்கோடு பார்க்கப்படுகிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கொட்டகைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. புதிய தாங்கியின் நான்கு மூலைகளும் அதில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டுள்ளன.